ஆவாரம்பட்டையும் அமெரிக்கச் சொற்களும்

ஆங்கில இலக்கியம் பயிலும் இளங்கலை மாணவர்களுக்கு அமெரிக்க இலக்கியம் என்றொரு தாள் உண்டு. எமர்சன், ஹாதார்ன், எட்கர் ஆலன் போ, தோரோ, மெல்வில், விட்மன் முதலியோர் அதில் அணிவகுத்து நிற்பர். ஆம்பூர், பேரணாம்பட்டு, வாணியம்பாடிப் பகுதிகளிலிருந்து பேருந்தேறிக் கல்லூரி செல்லும் நம் பிள்ளைகள் பலர் இத்தாளைக் கண்டு அஞ்சுகின்றனர். கதை விளங்காமையால் அன்று, சொல் விளங்காமையால். ஒரே பக்கத்தில் பதினைந்து சொற்களின் அடியில் பென்சில் கோடு விழுந்திருப்பதை நாங்களே கண்டிருக்கிறோம்.

நாங்கள் என்பது சிலரே. ஓய்வு பெற்ற ஆசிரியர் இருவர், வங்கிப் பணியாளர் ஒருவர், காலணித் தொழிற்சாலையில் தையல் பிரிவை மேற்பார்க்கும் பெண்மணி ஒருவர், அவ்வப்போது வந்துபோகும் வேறு சிலர். ஞாயிறு மாலைகளில் ஆலயத்தின் பின்தாழ்வாரத்தில் இப்பிள்ளைகளோடு அமர்ந்து படிக்கிறோம். கற்பிக்கிறோம் என்று சொல்லத் துணியோம். அச்சொற்களில் பல எங்களுக்கும் புதியனவே.

சொற்களை எவ்வாறு கற்பது என்பதில் தொடக்கத்திலேயே எங்களுக்குள் இரு கட்சிகள் எழுந்தன. நாளொன்றுக்கு இருபது சொல் என்று பட்டியலிட்டு, எதிரே பொருள் எழுதி, மனப்பாடம் செய்விக்க வேண்டும் என்பது ஒரு கட்சி. தேர்வுக்கும் வேலைக்கான நேர்முகத்திற்கும் அதுவே உதவும் என்பது அவர்தம் வாதம். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. பக்கத்தை விட்டுப் பிரித்தெடுத்த சொல் நீரை விட்டெடுத்த மீன் போன்றது என்பது மறுகட்சி. வழக்கைத் தீர்த்தவர் அந்தத் தையல் பிரிவுப் பெண்மணிதாம். "எங்க பொண்ணுங்க எட்டாவதோட நின்னவங்க. ஆனா ஸ்கைவிங்னா என்னன்னு எல்லாருக்கும் தெரியும். உங்க எம்.ஏ. படிச்சவங்களைக் கேட்டுப் பாருங்க சார்" என்றார். தையலில் தடித்துக்கொண்டு நிற்காதபடி தோலின் விளிம்பைச் சீவி மெலிதாக்குவது ஸ்கைவிங். அச்சொல்லை அப்பெண்கள் எப்பட்டியலிலும் கற்கவில்லை, கையால் கற்றனர். ஒருமுறை கற்றவர் எவரும் அதை மறந்ததுமில்லை. எங்கள் கூட்டத்தில் அன்று எம்.ஏ. படித்தவர் இருவர் இருந்தனர். அவர்கள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தனர்.

அன்றுமுதல் நாங்கள் கைக்கொண்டுள்ள முறை எளியது. அருஞ்சொல் வந்தவுடன் அகராதியைத் திறப்பதில்லை. அச்சொல் நிற்கும் இடத்தை முதலில் பார்க்கிறோம். அவ்விடத்தைப் போன்ற ஓரிடம் நம் வாழ்வில் உண்டா என்று வினவுகிறோம். அகராதி அதன் பின்னரே.

ஹாதார்னின் 'தி ஸ்கார்லெட் லெட்டர்' 1850-இல் வெளிவந்த நாவல். பழைய பாஸ்டன் நகரில் ஹெஸ்டர் பிரின் என்னும் பெண், தன் மார்பில் செந்நிற 'ஏ' எழுத்தைத் தாங்கி, கைக்குழந்தையுடன் ஊர் நடுவே ஒரு மேடைமீது மூன்று மணி நேரம் நிற்க வேண்டும் என்பது தண்டனை. அம்மேடைக்கு ஹாதார்ன் தரும் பெயர் ஸ்காஃபோல்டு. தூக்குமேடை என்று உரை நூலில் கண்ட மாணவர்கள், அவளைத் தூக்கிலிடவில்லையே என்று குழம்பினர். கொத்தனார் மகன் ஒருவன்தான் சட்டென்று, "சார், சாரம் கட்றதைக்கூட அப்படித்தானே சொல்வாங்க?" என்றான். ஆம், கட்டட வேலையில் ஸ்காஃபோல்டிங் என்பது சாரமே. மரத்தால் உயர்த்திக் கட்டி, ஆளை மேலே நிறுத்துவது என்பதே சொல்லின் அடிப்படை. சுவரை எழுப்பவும் அது உதவும். ஒரு பெண்ணை ஊரார் கண்முன் தலைகுனிய வைக்கவும் உதவும். தன் தந்தை நாள்தோறும் ஏறி நிற்கும் பலகையின்மேல் ஹெஸ்டரைக் கண்டான் அச்சிறுவன்.

அதே நாவலில் அடிக்கடி வந்து மிரட்டும் இன்னொரு சொல் இக்னாமினி. அவமானம், இழிவு, மானக்கேடு என்று அகராதி அடுக்கும். ஆனால் இலத்தீன் வேரைப் பார்த்தால், பெயர் என்னும் சொல்லோடு இன்மையைச் சேர்த்து அது அமைந்திருக்கிறது. நற்பெயரை இழந்த நிலை. நம் தெருவில் ஒரு பெண்ணைப் பற்றித் தாழ்ந்த குரலில், 'பேரு கெட்டுப் போச்சு' என்பார்களே, அதுவேதான். இதைச் சொன்னபோது தாழ்வாரத்தில் சற்று நேரம் எவரும் பேசவில்லை. பேர் கெட்டதாக ஊர் முடிவு செய்த பெண்களை அறியாதார் நம்மில் யார்? நாவலின் பிற்பகுதியில் ஹெஸ்டர் நோயாளிகளையும் வறியோரையும் தேடித் தேடித் தொண்டு செய்ய, அந்த 'ஏ' எழுத்துக்கு ஆற்றல் உடையவள் என்று ஊரே வேறு பொருள் கொள்ளத் தொடங்குகிறது. எழுத்து மாறவில்லை, அதைத் தாங்கியவளின் வாழ்வு அதன் பொருளை மாற்றிவிட்டது.

இங்கே கதைக்கு வெளியே ஒரு செய்தி; நம் வாசகர்களுக்கு உவப்பானது. ஹாதார்ன் இங்கிலாந்தில் தூதரகப் பணியில் இருந்தபோது ஓர் ஏழையர் விடுதியைப் பார்வையிடச் சென்றார். அங்கே நோயுற்று, பார்க்க அருவருக்கும் நிலையிலிருந்த குழந்தையொன்று தன்னைத் தூக்கும்படி பின்தொடர்ந்ததையும், தயங்கி நின்ற கனவான் ஒருவர் இறுதியில் அதைத் தூக்கிக்கொண்டதையும் 1863-இல் வெளியிட்ட நூலொன்றில் எழுதினார். அந்தக் கனவான் அவரேதான் என்பது அவருடைய குறிப்பேட்டால் பின்னர்த் தெரிந்தது. அவர் மகள் ரோஸ் 1891-இல் கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்தார். பின்னர் நியூயார்க்கின் ஏழைப் பகுதியில் குடியேறி, எவரும் ஏற்காத புற்றுநோயாளிகளைப் பேணினார். தொமினிக்கன் துறவியாகி அன்னை அல்போன்சா என்னும் பெயர் பெற்றார். தந்தையின் அப்பக்கங்கள் தம் உள்ளத்தில் பதிந்திருந்ததை அவர் மறைக்கவில்லை. இக்னாமினி என்னும் சொல்லைத் தந்தை மையால் எழுதினார் என்றால், அதற்கு எதிர்ச்சொல்லை மகள் எதனால் எழுதினார் என்று ஒரு மாணவி கேட்டாள். தேர்வில் வரக்கூடிய வினா அன்று அது.

போவின் 'தி காஸ்க் ஆஃப் அமோன்டிலாடோ' 1846-இல் வந்த சிறுகதை. பகைவனை நிலவறைக்கு அழைத்துச் சென்று உயிரோடு சுவர் எழுப்பி மூடுகிறவனின் கதை. அதில் நிலவறைச் சுவர்களில் வெண்மையாகப் படர்ந்து மின்னும் நைட்டர் என்றொரு பொருள் வருகிறது. வெடியுப்பு என்று பொருள் சொன்னால் பட்டாசுதான் நினைவுக்கு வரும். எங்கள் பிள்ளைகளுக்கு அத்துன்பம் இல்லை. பாலாற்றங்கரையில் உப்பு பூத்துப் பொரிந்து உதிரும் சுவரைக் காணாமல் வளர்ந்தவர் யார்? இரண்டும் ஒரே உப்பு அன்று என்பதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். போவின் நிலவறையில் இருப்பது நைட்ரேட்டு. நம் பக்கத்தில் பச்சைத் தோல் கெடாதிருக்க இட்டுப் பின் கழுவி விடும் சோற்றுப்பே மிகுதி. ஆயினும் ஈரச்சுவரில் வெண்மை ஏறும் காட்சி ஒன்றே. அந்தச் சுவரைத் தொட்டால் விரலில் என்ன ஒட்டும் என்பதை எட்கர் ஆலன் போவுக்கே அவர்கள் சொல்லித் தருவார்கள்.

அக்கதையின் முதற்பத்தியிலேயே இம்ப்யூனிட்டி என்ற சொல் இருக்கிறது. தவறு செய்தவன் தண்டனை தன்னைத் தீண்டாமல் தப்பி நிற்கும் நிலை. இதற்கு உதாரணம் தேடி நாங்கள் இத்தாலிக்குப் போகவில்லை. தோல் நமக்குச் சோறு போட்டது. இதை மறுப்பவர் நன்றி மறந்தவர். அதே தோலின் கழிவுநீர் பல்லாண்டுகள் தடையின்றி ஓடி, கிணறுகளை உப்பாக்கியதும் உண்மை. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்சநீதிமன்றம் 1996 ஆகஸ்டு 28 அன்று தீர்ப்பளித்தது. தோல் பதனிடும் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுமையாகவோ பயிரிடத் தகாததாகிவிட்டது என்னும் ஆய்வு முடிவை அத்தீர்ப்பு எடுத்துரைக்கிறது. மாசு செய்தவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கோட்பாட்டை இந்நாட்டுச் சட்டத்தின் பகுதியாக அது ஏற்றது. இந்தியாவெங்கும் சட்டக் கல்லூரிகளில் பயிலப்படும் தீர்ப்பு அது. இம்ப்யூனிட்டி என்னும் சொல்லுக்கு முற்றுப்புள்ளி வைக்க முயன்ற அதே தீர்ப்பில்தான் எஃப்ளுவென்ட் என்னும் சொல்லும் நெடுக வருகிறது. இன்று கழிவுநீர்ப் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் இருக்கின்றன. கிணற்றின் உப்பு அவ்வளவு விரைவில் இறங்குவதில்லை.

எஃப்ளுவென்ட் என்றால் கழிவுநீர். ஒரு மாணவன் அதையே அஃப்ளுவென்ட் என்று எழுதி வந்தான். அதற்குச் செல்வம் மிக்கவர் என்று பொருள். அவன் எழுதியதும் ஒருவகையில் பொருத்தமே என்று எங்களுள் ஒருவர் சிரித்தார். சிரிப்புக்கு அப்பால் ஒரு பாடம் அங்கே கிடைத்தது. இரண்டிற்கும் வேர் ஒன்றே: ஓடுதல் என்னும் இலத்தீன் வினை. வெளியே ஓடுவது எஃப்ளுவென்ட். வந்து சேர ஓடுவது அஃப்ளுவென்ட். பழைய ஆங்கிலத்தில் துணையாற்றுக்கும் அதுவே பெயர். தடையின்றி ஓடும் பேச்சு ஃப்ளூயன்ட். உள்ளே பாய்ந்து நம்மை மாற்றுவது இன்ஃப்ளூயன்ஸ். நிரம்பி மேலே வழிவது சூப்பர்ஃப்ளுவஸ். ஆற்றில் நீர் ஓடும் நாள்களை விரல்விட்டு எண்ணும் ஊரில் இருந்துகொண்டு, ஒரே வேரிலிருந்து ஐந்து சொற்கள் ஓடி வருவதைக் கண்டோம். பட்டியல்காரர்கள் இதை ஏன் செய்வதில்லையோ தெரியவில்லை.

சூப்பர்ஃப்ளுவஸ் தோரோவுக்கு உரிய சொல். வேண்டாதவை வழிந்து கிடக்கும் வாழ்வை விட்டு, 1845-இல் வால்டன் என்னும் குளக்கரையில் தம் கையால் குடில் கட்டி, இரண்டாண்டு இரண்டு மாதம் வாழ்ந்தவர் அவர். அவ்வனுபவத்தை எழுதிய 'வால்டன்' 1854-இல் வெளிவந்தது. குளத்தின் ஆழம் அளவிட முடியாதது என்று ஊரார் நம்பியிருக்க, அவர் கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கி 102 அடி என்று கணக்கிட்டார். ஆழத்தை அளத்தலுக்கும் ஒன்றை முழுதாக உணர்தலுக்கும் ஆங்கிலத்தில் ஃபாதம் என்ற ஒரே சொல். அதற்கென்ன, ஒருவரின் உள்ளத்தை அறிய முயல்வதை நாமும் 'ஆழம் பார்த்தல்' என்றுதானே சொல்கிறோம்! இரு கைகளையும் விரித்த நீளம் ஒரு ஃபாதம், ஆறு அடி. கடற்கரை மக்கள் அதைப் பாகம் என்பர்.

அந்நூலில் நம் சென்னையின் பெயரும் இருக்கிறது. வால்டன் குளத்துப் பனிக்கட்டியை வெட்டிச் செல்வதைக் கண்ட தோரோ, சென்னையிலும் பம்பாயிலும் கல்கத்தாவிலும் வெயிலில் வாடுவோர் தம் கிணற்றிலிருந்து பருகுவதாக எண்ணிப் பார்க்கிறார். வீண் கற்பனை அன்று. பாஸ்டனிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிக்க 1842-இல் சென்னைக் கடற்கரையில் கட்டிய ஐஸ் ஹவுஸ்தான் இன்றைய விவேகானந்தர் இல்லம்.

ஆயினும் எங்கள் தாழ்வாரத்தை அதிரச் செய்தது 'வால்டன்' அன்று. அவர் மறைந்த ஆண்டாகிய 1862-இல் அச்சேறிய 'வாக்கிங்' என்னும் கட்டுரை. நடத்தலைப் பற்றிய அதில் சாண்ட்டர் என்றொரு சொல்லுக்கு அவர் கதை சொல்கிறார். புனித பூமிக்குச் செல்கிறோம் என்று பிச்சை கேட்டு நாடெங்கும் திரிந்த இடைக்கால மனிதரைக் குறித்துப் பிறந்த சொல்லாம் அது. சொல்லாராய்ச்சியாளர் இதை ஏற்பதில்லை. ஏற்காவிடினும், ஆகஸ்டு இறுதியில் காவி உடுத்தி வேளாங்கண்ணிக்கு நடக்கும் நம்மவர்க்கு இவ்விளக்கம் பிடித்துப் போனதில் வியப்பில்லை. அதற்கும் மேலே, பழைய காடுகளைப் பற்றி எழுதும்போது தோரோ திடீரென்று தோல் பதனிடும் தொழிலுக்குத் தாவுகிறார். அக்காட்டு மரங்களின் பட்டையில் மனித எண்ணங்களின் நார்களையே இறுக்கி உறுதியாக்கும் பதனிடும் தன்மையொன்று இருந்தது என்றும், நல்ல கனமுள்ள பட்டை ஒரு வண்டி சேர்ப்பதும் அரிதாகிவிட்ட இந்நாளை எண்ணி நடுங்குவதாகவும் கூறுகிறார். உரை நூல் இவ்விடத்தை 'மனத்தைப் பண்படுத்தும் இயற்கை' என்று ஒற்றை வரியில் கடந்து சென்றிருந்தது. பட்டை எங்கே, நார் எங்கே, வண்டி எங்கே? ஒன்றையும் காணோம்.

அப்போது பேசியவள் மூன்றாம் ஆண்டு மாணவி ஒருத்தி. அவள் தந்தை முப்பதாண்டு தோல் ஷாப்பில் உழைத்தவர், பாட்டனும் அவ்வாறே. அவள் சொன்னதை எங்கள் நடையில் தருகிறோம். பாட்டன் காலத்தில் தோலை ஊறவைத்து, சுண்ணாம்புக் குழியிலிட்டு, மயிர் நீக்கி, சதை வழித்து, பின் ஆவாரம்பட்டைத் தண்ணீரில் வாரக்கணக்கில் போட்டு வைப்பார்களாம். பட்டையின் துவர்ப்பு தோலுக்குள் மெல்ல மெல்ல ஏறும். ஏறாத தோல் அழுகும். ஏறிய தோல் அழுகாது, கிழியாது. கடைசியில் கடுக்காய்த் தண்ணீர். அவசரப்பட்டு எடுத்தால் மேற்புறம் மட்டும் பதமாகி உள்ளே பச்சையாக இருக்குமாம். கத்தியால் ஓரத்தை வெட்டிப் பார்த்தால் நடுவில் வேறு நிறம் தெரியுமாம். "அவர் சொல்றது அதுதான் மிஸ். நினைப்பு மேலாக நனைஞ்சா போதாது, நடுவரைக்கும் ஏறணும். காடு போயிட்டா அந்தத் துவர்ப்பு எங்கிருந்து வரும்?" என்று முடித்தாள்.

அமெரிக்க இலக்கியத்தில் பட்டம் பெற்றவர் எவரும் இவ்விடத்துக்கு இதைவிட நல்ல உரை எழுதியதாக நாங்கள் அறியோம். டானின் என்னும் சொல்லின் பொருளை அவள் கற்க வேண்டியிருக்கவில்லை. அவள் வீட்டில் மூன்று தலைமுறையாக அது சட்டையிலும் நகக்கண்ணிலும் ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. அந்த வாடையைச் சொல்லிக் கல்லூரியில் சிலர் அவளைக் கேலி செய்ததுண்டு. சொற்களை அவள் உச்சரிக்கும் விதத்தைச் சொல்லி இன்னும் மிகுதியாகக் கேலி செய்ததுண்டு. அமெரிக்காவின் குடியரசுத் தலைவராக 1869 முதல் 1877 வரை இருந்த யுலிசஸ் கிராண்ட், தோல் பதனிடுபவரின் மகன். 1885-இல் வெளிவரத் தொடங்கிய தம் நினைவுக் குறிப்புகளில் அத்தொழிலைத் தாம் அறவே வெறுத்ததாக ஒளிக்காமல் எழுதினார் என்று அவளிடம் சொன்னோம். "வெறுத்தார்னா அவருக்கு வேற வேலை கிடைச்சிருக்கு" என்றாள். அவ்வாண்டே வீட்டு நிலைமையால் கல்லூரியை விட்டு, காலணித் தொழிற்சாலைப் பேருந்தில் ஏறினாள். இப்போது அஞ்சல்வழியில் தொடர்கிறாள். ஞாயிறு தவறுவதில்லை.

தோரோவின் கட்டுரை வெளியான அதே 1862-இல், அவரைப் போலவே நியூ இங்கிலாந்தில் பிறந்த இன்னொருவரின் நூல் சென்னை அமெரிக்க மிஷன் அச்சகத்தில் வெளிவந்தது. மிரோன் வின்சுலோ என்னும் மறைப்பணியாளர் தொகுத்த தமிழ்–ஆங்கிலப் பேரகராதி அது. 67,000-க்கும் மேற்பட்ட சொற்கள் கொண்டது. நம் வீரமாமுனிவர் 1732-இலேயே சதுரகராதி தந்தவர் என்பது நாம் அறிந்ததே. ஆயினும் வின்சுலோவை நினைக்கும்போது எங்களுக்கு ஒருவகை ஆறுதல் உண்டாகிறது. வெர்மான்டுக் கிராமத்தில் பிறந்த ஒருவர் யாழ்ப்பாணத்திலும் சென்னையிலும் அமர்ந்து, ழகரத்தோடும் நிகண்டுகளோடும் பல்லாண்டு மல்லாடினாரே! அவருடைய தமிழ் உச்சரிப்பைக் கேட்டு எத்தனை பேர் சிரித்திருப்பார்கள்! மெல்வில்லும் 'மோபி டிக்' நாவலைத் திமிங்கிலத்தோடு தொடங்காமல் ஒரு சொல்லாராய்ச்சிப் பக்கத்தோடு தொடங்குகிறார். அதைத் தொகுத்தளித்தவராக அவர் காட்டுவது காசநோயால் இறந்த ஒரு பள்ளி உதவி ஆசிரியரை. பழைய அகராதிகளைக் கைக்குட்டையால் தூசி தட்டிக்கொண்டிருந்தவர். அவ்வாசிரியருக்கு அங்கே வழங்கும் சொல் அஷர். இன்று ஆட்களை இருக்கைக்கு வழிகாட்டுபவருக்கு அப்பெயர். எங்கள் ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் இருவரும் தங்களுக்கு இரு பொருளும் பொருந்தும் என்று மகிழ்கிறார்கள்.

இவ்வளவும் சொன்ன பிறகு, இப்பொருளில் எங்களை மிகவும் ஆட்கொண்ட நூலுக்கு வருகிறோம். ஃபிரெடெரிக் டக்ளஸ் மேரிலாந்தில் அடிமையாகப் பிறந்தவர். சிறுவனாக பால்டிமோரில் ஒரு வீட்டில் இருந்தபோது அவ்வீட்டுத் தலைவி எழுத்துக் கற்பிக்கத் தொடங்க, கணவர் அதைத் தடுத்துவிட்டார்: படித்த அடிமை அடிமையாக இரான் என்று. அன்றுமுதல் சிறுவன் வீட்டு ரொட்டியை மறைத்து எடுத்துச் சென்று, தெருவிலுள்ள ஏழை வெள்ளைச் சிறுவருக்குக் கொடுத்து, மாற்றாக எழுத்தைப் பெற்றான். கப்பல் கட்டும் துறையில் தச்சர்கள் மரத்துண்டுகளின்மேல் அது கப்பலின் எப்பக்கத்துக்கு உரியது என்று குறிக்க எழுதும் 'எல்', 'எஸ்' போன்ற எழுத்துகளைப் பார்த்தே எழுதப் பழகினான். இவற்றையெல்லாம் 1845-இல் வெளியிட்ட தம் வரலாற்றில் அவர் விவரிக்கிறார்.

அங்கே ஒரு சொல்லின் கதை வருகிறது: அபாலிஷன். எவனாவது அடிமை தப்பி ஓடினால், எசமானனைக் கொன்றால், களஞ்சியத்துக்குத் தீயிட்டால், இது அபாலிஷனின் விளைவு என்று பெரியவர்கள் பேசிக்கொள்வதைச் சிறுவன் கேட்கிறான். அது என்ன? அகராதியைப் பார்க்கிறான். ஒழிக்கும் செயல் என்று இருக்கிறது. எதை ஒழிப்பது? அகராதி சொல்லவில்லை. யாரிடமும் கேட்கவும் அச்சம். கேட்கக் கூடாத சொல் என்பது மட்டும் அவனுக்குத் தெரிந்திருந்தது. கடைசியில் ஒரு நகரச் செய்தித்தாள் கிடைக்கிறது. தலைநகர்ப் பகுதியில் அடிமை முறையை ஒழிக்க வேண்டும் என்று வடபகுதி மக்கள் அளித்த விண்ணப்பங்களைப் பற்றிய செய்தி அதில் இருக்கிறது. அப்போது விளங்குகிறது. அதன் பின் அச்சொல் காதில் விழும்போதெல்லாம் அவன் அருகே நகர்ந்து சென்று கேட்கிறான். ஒரு சொல்லின் பொருள் தெரிவதும் தெரியாதிருப்பதும் ஒருவனுக்கு உயிர்ப் பிரச்சினையாக இருந்ததை இதைவிடத் தெளிவாக நாங்கள் எங்கும் படித்ததில்லை.

இப்பகுதியைப் படித்த ஞாயிறன்று, அம்மாணவியின் தந்தையும் வந்திருந்தார். மகளை அழைத்துப் போக வந்தவர், தூணோரம் அமர்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். கட்டுக் கட்டாகத் தோலைத் தரம் பிரித்து, கட்டின்மேல் இடும் குறிகளை வைத்தே ஆங்கில எழுத்துகள் நான்கைந்தைக் கற்றவர் அவர். ஆதலால் கப்பல் மரத்துண்டின் கதை அவருக்கு மிகவும் பிடித்துவிட்டது. அபாலிஷன் என்ற சொல் நம் நாட்டில் எங்கே இருக்கிறது என்று நாங்கள் தேடினோம். கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம், 1976. அதன் பெயரிலேயே இருக்கிறது. முன்பணம் வாங்கிவிட்டுப் பிள்ளையை வேலைக்கு அனுப்பிய குடும்பங்களை இப்பகுதி அறியும். அதற்கு முன்பே அரசியலமைப்புச் சட்டத்தின் 17-ஆம் பிரிவில் அது வினைச்சொல்லாக நிற்கிறது: தீண்டாமை அங்கே அபாலிஷ் செய்யப்பட்டிருக்கிறது. மகள் அவ்வாங்கில வரியை எழுத்தெண்ணிப் படித்துக்காட்டி, தமிழிலும் சொன்னாள்.

"எந்தச் சொல்லும்மா அது?" என்று தந்தை கேட்டார். அவள் விரலை வைத்துக் காட்டினாள்.

"அபாலிஷ்." ஒருமுறை சொல்லிப் பார்த்தார். "பாலிஷ் மாதிரி இருக்குதே."

பிள்ளைகள் சிரித்தனர். அவரும் சிரித்தார். "பாலிஷ் போட்டாத் தோலு மினுக்கும். இது போட்டா?"

"இல்லாமப் போயிடும்ப்பா."

"சட்டத்துல எந்த வருஷம் எழுதினாங்க?"

"ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அம்பதுல இருந்து நடப்புல இருக்குப்பா."

அவர் விரல்களை மடக்கிச் சற்று நேரம் கணக்குப் பார்த்தார். பின்னர், அந்தச் சிறுவன் என்ன ஆனான் என்று அடுத்த பக்கத்தைப் படிக்கச் சொன்னார்.